ரெக்கார்டில் உள்ளபடி வாசிப்பவரும் கிரேட்ஃபுல் டெட் குழுவும்: பெரம்பூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே பாடலை ஒவ்வொரு மேடையிலும் வேறு விதமாக, சில இரவுகளில் கால் மணி நேரத்துக்கும் மேலாக நீட்டி வாசிப்பது அமெரிக்க ஜாம் இசைக்குழுக்களின் வழக்கம். அந்த வழக்கத்தையே பயிற்சிக் குறைவு என்று எண்ணியிருந்த தேர்ந்த இசைக்கலைஞர் ஒருவர், அக்குழுக்களில் மூத்ததான கிரேட்ஃபுல் டெட் குழுவை விரும்பிக் கேட்கும் நிலைக்கு எப்படி வந்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவர் என் நண்பர்; என்னைவிட வயதில் மூத்தவர்; பெரம்பூர் வட்டாரத்து மெல்லிசைக் குழு ஒன்றில் பல ஆண்டுகளாக, கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார் வாசிப்பவர். இசை தெரியாதவருக்கு ஓர் இசையை அறிமுகம் செய்வது ஒரு வேலை. இசை நன்றாகத் தெரிந்து, தெரிந்த காரணத்தாலேயே மறுப்பவரை இணங்க வைப்பது முற்றிலும் வேறு வேலை. இது இரண்டாம் வகை என்பதால்தான் எழுதி வைக்கிறேன்.

தொழிலும் மறுப்பும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் வியாசர்பாடி, ஓட்டேரி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை என்று அம்மன் கோயில் உள்ள தெருவெல்லாம் மேடை போடுவார்கள். கூழ் ஊற்றிய மாலையில் பாட்டுக் கச்சேரி நடக்கும். கல்யாண மாதங்களில் மண்டபத்து வரவேற்பு நிகழ்ச்சிகள் இருக்கும். இந்த மேடைகளில் ஒரு குழுவின் பெயர் நிலைப்பதற்கு அடிப்படை ஒன்றுதான்: பாட்டு ரெக்கார்டில் இருப்பதுபோல அச்சு அசலாக இருக்க வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அந்தப் பாட்டின் இரண்டாவது இடையிசையில் புல்லாங்குழல் எங்கே நின்று வயலின் எங்கே எடுக்கும் என்பது மனப்பாடம். அது தவறினால் அவர் தலை நிமிர்வார். அந்தப் பார்வைக்கு அஞ்சி வளர்ந்த ஒழுக்கம் என் நண்பருடையது.

அவரிடம் நீளமான கணக்கு நோட்டுகள் சில இருக்கின்றன. கேசட்டைப் பென்சிலால் சுற்றியும் டேப் ரெக்கார்டரில் திரும்பத் திரும்ப ஓட்டியும் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து வந்த திரைப்பாடல்களின் பேஸ் வரிகளை அவற்றில் எழுதி வைத்திருக்கிறார். ச ரி க ம என்று தமிழில் எழுத்து, மேலே கார்டுகளின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளின், பெயர். பேஸ் வாசிக்கக் கூடாத இடங்களுக்கு மட்டும் சிவப்பு மை. வாசிக்க வேண்டியதை நீல மையிலும் நிறுத்த வேண்டியதைச் சிவப்பு மையிலும் எழுதுகிற ஒருவர் இசையை எவ்வளவு மதிக்கிறார் என்பதை அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

எங்கள் நட்பு வட்டத்தில் மேற்கத்திய இசை கேட்கும் இன்னொருவர், எனக்கு முன்பே அவரை கிரேட்ஃபுல் டெட் பக்கம் திருப்ப முயன்றிருந்தார். அவர் போட்டுக் காட்டியது ‘டார்க் ஸ்டார்’. 1968இல் தனிப்பாடலாக வெளிவந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருந்த அந்தப் பாடல், 1969இல் வெளிவந்த ‘லைவ்/டெட்’ இசைத்தட்டில் ஏறத்தாழ 23 நிமிடம் ஓடுகிறது. பாட்டின் முதல் வரி வருவதற்கே சில நிமிடங்கள் ஆகும். பிடித்துக்கொள்ளத் தாளமும் உறுதியாக இருக்காது. நண்பர் பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறார். பிறகு, “இன்னாப்பா, பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?” என்று கேட்டுவிட்டு, வரி வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். இந்தக் குழுவின் ரசிகர்கள் உலகெங்கும் செய்வது இதுதான் என்று தோன்றுகிறது. தாங்கள் கடைசியாக வந்து சேர்ந்த இடத்தைப் புதிதாக வருபவருக்கு முதல் படியாக வைத்துவிடுகிறார்கள்.

அவருடைய ஆட்சேபங்களை நான் தனியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். பாடகரின் குரல் மெல்லியது, சேர்ந்து பாடும்போது சுருதி விலகுகிறது என்றார், அது பொய்யல்ல. எங்கே போகிறோம் என்று தெரியாமல் வாசிக்கிறார்கள் என்றார். இவற்றைவிட ஆழமானது மூன்றாவது ஆட்சேபம். ஒரே பாட்டை இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி வாசித்தால், இரண்டில் ஒன்று தப்பு என்பது அவர் கட்சி. ஒத்திகை பார்க்காதவர்கள்தான் அப்படி வாசிப்பார்கள் என்று முடித்தார். மற்ற இரண்டும் இந்த நம்பிக்கையிலிருந்து கிளைத்தவை என்பதால், இதைத் தொடாமல் எதையும் மாற்ற முடியாது என்று எனக்குப் பட்டது.

எந்த வாதத்தைத் தவிர்த்தேன்

இத்தகைய இடத்தில் நம்மவர்கள் உடனே எடுக்கும் வாதம் ஒன்று உண்டு: நம் கர்நாடகக் கச்சேரியில் மேடையிலேயே கற்பனையாக விரிக்கும் ஆலாபனையும் நிரவலும் கற்பனை ஸ்வரமும் இல்லையா, அதைத்தானே அவர்களும் செய்கிறார்கள் என்பது. நான் அதைச் சொல்லவில்லை. சபா கச்சேரிகள் என் நண்பரின் உலகமே அல்ல. அவற்றின் பெருமையைக் கடன் வாங்கி இன்னோர் இசைக்கு மரியாதை தேடினால், அவருக்கு இரண்டுமே அந்நியமாகும். அந்த ஒப்புமையும் பாதிதான் சரி. கச்சேரியில் முதன்மைக் கலைஞர் முன்னே செல்ல, வயலினும் மிருதங்கமும் அவரை நிழல்போலத் தொடர்கின்றன. கிரேட்ஃபுல் டெட் வாசிப்பின் சிறப்பான தருணங்களில் ஜெர்ரி கார்சியாவின் கிட்டார் மற்றவர்களுக்குத் தலைமை தாங்குவதில்லை. பாப் வெயரின் இரண்டாவது கிட்டார், பியானோ, பேஸ், இரண்டு டிரம்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் பேசுகின்றன. யார் சொன்னதை யார் எடுத்துக்கொண்டார் என்பதை அப்போதைக்கப்போது கண்டுபிடிப்பதே கேட்பவரின் வேலை.

என் நண்பருக்கு அவருடைய தொழிலின் வழியே ஒரு வாசல் இருந்தது. பேஸ் வாசிப்பவருக்கு பேஸைத்தான் காட்ட வேண்டும்.

கிரேட்ஃபுல் டெட்டின் பேஸ் கலைஞர் ஃபில் லெஷ், 2024 அக்டோபரில் காலமானவர், அந்தக் கருவியைக் கற்று வந்தவரல்ல. இளமையில் டிரம்பெட் வாசித்தவர். கலிபோர்னியாவில் மில்ஸ் கல்லூரியில் இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் நவீன இசையமைப்பு படித்தவர். 1965இல் இந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான் பேஸ் கிட்டாரையே கையில் எடுத்தார். ராக் இசையில் பேஸ் வழக்கமாகச் செய்யும் வேலை, கார்டின் ஆதார ஸ்வரத்தை முதல் தட்டில் வைத்துத் தாளத்தோடு சேர்ந்து நிற்பது. அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை. பாடும் குரலுக்கும் கிட்டாருக்கும் எதிராக இன்னொரு மெட்டை அவர் கீழ்ஸ்தாயியில் நடத்தினார். எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களில் இளையராஜா பேஸுக்கு எழுதிய வரிகளைக் கரைத்துக் குடித்த ஒருவருக்கு, பேஸ் தனி மெட்டாக நடப்பதில் புதுமை இருக்காது என்று எண்ணினேன். அந்த மெட்டு முன்கூட்டி எழுதப்படாதது என்பதில்தான் புதுமை இருக்கும்.

ஒத்திகை அறையில்

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் தெருவில், ஒரு கடைக்கு மேல்மாடியில் அவர்களுடைய ஒத்திகை அறை இருக்கிறது. அங்கேதான் கேட்பது என்று முடிவு செய்தேன். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி மீட்டப்படும்போது எழும் ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி அதன் பக்கத்தில்கூடப் போகாது. இந்தக் குழுவைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு வெறுப்பவர்கள் பலர் அதன் ஒரு பாதியைக் கேட்டதே இல்லை.

முதலில் நான் போட்டது ‘ஃபயர் ஆன் தி மவுன்டன்’ பாடலின் ஸ்டூடியோ வடிவம், 1978இல் ‘ஷேக்டவுன் ஸ்ட்ரீட்’ இசைத்தட்டில் வந்தது. நான்கு நிமிடத்துக்கும் குறைவு. ரசிகர்கள் இதைப் பெரிதாக மதிப்பதில்லை. நானும் அடிக்கடி கேட்பதில்லை. ஆனால் ரெக்கார்டோடு ஒப்பிட்டே எதையும் எடைபோடும் ஒருவருக்கு முதலில் ஒரு ரெக்கார்ட் தேவை. அதைக் கேட்டுவிட்டு, மடியில் இருந்த கிட்டாரில் அவர் இரண்டே இடங்களைத் தொட்டார். “ரெண்டே கார்டுதானா? பி, ஏ. மொத்தப் பாட்டும் இதுலயே சுத்துதா?” என்றார். கொஞ்ச நேரம் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஹரிகாம்போதி ஸ்கேலு” என்றார். ஸ்வரங்களை அசைத்து இழைக்கும் கமகம் இல்லாததால் அதை ராகம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஸ்வர வரிசை அதுதான்.

அடுத்து 1977 மே 8 அன்று, நியூயார்க் மாநிலத்தின் இத்தாகா நகரில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹாலில் அதே பாடலை அவர்கள் வாசித்ததைப் போட்டேன். அது கால் மணி நேரம் அளவுக்கு ஓடும். குழுவின் ஒலிப்பதிவாளர்களில் ஒருவரான பெட்டி கேன்டர்-ஜாக்சன், ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரிலிருந்து நேரடியாகப் பிடித்த பதிவு என்பதால் ஒவ்வொரு கருவியும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். வாடகை கட்ட முடியாமல் போன ஒரு கிடங்கிலிருந்து அவருடைய நாடாக்கள் ஏலத்தில் விடப்பட்டு, கை மாறி, கடைசியில் 2017இல் இந்தக் கச்சேரி முறையாக வெளிவந்தது. அதற்கு முன்பே அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்தப் பெருமை எதையும் நான் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. புகழ்பெற்ற பதிவு என்று தெரிந்தால் மரியாதைக்காகத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் எனக்கு வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தேன்: “கிட்டாரை விட்டுடுங்கண்ணா, பாட்டையும் விட்டுடுங்க, பேஸ் மட்டும் கேளுங்க.”

அவர் முதலில் கையோடு வாசித்துக்கொண்டே கேட்டார். ஸ்டூடியோ வடிவத்தில் பிடித்த வரியை இதிலும் பொருத்திப் பார்த்தார்; சில சுற்றுகள் பொருந்தியது, பிறகு விலகியது. கிட்டாரை நிறுத்தினார். லெஷ் அடிப்படை வரியைக் கைவிடாமல், அதன் முடிவை மட்டும் சுற்றுக்குச் சுற்று மாற்றுவதை அவர் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் கார்சியாவின் கிட்டார் மேலே ஏற, பேஸும் அதன் பின்னாலேயே ஏறியது. “யார் கை காட்டுனது?” என்று கேட்டார். அவர்கள் குழுவில் கீபோர்டு வாசிப்பவர்தான் தலையசைப்பார். மற்றவர்கள் அதைப் பார்த்து மாறுவார்கள். இங்கே அப்படி ஒருவர் இல்லை என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மீண்டும் அந்த இடத்தைப் போடச் சொன்னார்.

நிகழ்வின் திருப்பம் என்று ஒன்றைக் குறிப்பிட வேண்டுமானால் அதற்கடுத்த உரையாடலைத்தான் குறிப்பிடுவேன். தெருக் கச்சேரியில் கடைசிக் குத்துப் பாட்டு முடிந்தும் பிள்ளைகள் ஆடுவதை நிறுத்தவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நிறுத்த முடியாது, நிறுத்தினால் அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள் என்றார். மின்னணுத் தாளக் கருவியான ரிதம் பேடும் பேஸும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கீபோர்டு நடுவில் எதையாவது போடும். கூட்டம் எகிறினால் இவர்களும் எகிறுவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் வாசிப்பது ரெக்கார்டில் இருக்கிறதா என்று கேட்டேன். “அது பாட்டு இல்ல தம்பி. அது ஓட்டுறது” என்றார். ஓட்டும்போது நேற்று ஓட்டியது போலவேதான் ஓட்டுவீர்களா என்று கேட்டதற்கு, அது எப்படி முடியும், நேற்றுக் கூட்டம் வேறு, இன்றைக்குக் கூட்டம் வேறு என்றார். சொல்லிவிட்டு ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்.

நான் அதற்கு மேல் எதுவும் விளக்கவில்லை. கேள்விக்கு அவரே கொடுத்த பதிலுக்கு மேல் என் வார்த்தைக்கு அங்கே வேலை இல்லை. ஒத்திகை பார்க்காதவர்கள்தான் மாற்றி வாசிப்பார்கள் என்ற நம்பிக்கை, அவருடைய சொந்த மேடை அனுபவத்தின் முன்னால் நிற்கவில்லை. ஓட்டுவதற்கு எத்தனை ஆண்டுப் பழக்கம் வேண்டும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

பிறகு நடந்தவை

சில வாரங்களுக்குப் பிறகு, அதே கார்னெல் கச்சேரியில் ‘ஃபயர் ஆன் தி மவுன்ட’னுக்கு முன்னால் வரும் ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ பாடலையும் சேர்த்து அவர் கேட்க விரும்பினார். இரண்டும் இடைவெளி இல்லாமல் இணைந்து ஏறத்தாழ 25 நிமிடம் ஓடும். முதல் பாட்டின் வரிகள் முடிந்தபின் பேஸ் இன்னும் சுதந்திரமாக அலைகிறது. எந்த நொடியில் முதல் பாட்டு போய் இரண்டாவது வந்தது என்பதைச் சொல்வது கடினம். மெல்லிசை மேடையில் பல பாட்டுகளைக் கோத்து மெட்லி வாசிக்கும்போது ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ டிரம்ஸில் ஒரு ரோல் அடித்து மறைப்பார்கள். “ரோல் அடிக்காமலே மாத்திட்டானுங்க” என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் இருந்தது தொழில்காரர் இன்னொரு தொழில்காரருக்குத் தரும் மதிப்பு. ரசிகரின் வியப்பைவிட அதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். தையல் விழும் இடத்தை அவர் ஓரிடத்தில் வைத்தார். அவருடைய கீபோர்டு நண்பர் வேறோரிடத்தில் வைத்தார். அந்த விவாதம் இன்னும் தீரவில்லை.

இசையைவிட அதிகமாக அவரைப் பேச வைத்தது 1974இல் இந்தக் குழு பயன்படுத்திய ஒலி அமைப்பு. ‘வால் ஆஃப் சவுண்ட்’ என்று பெயர். அறுநூறு அளவிலான ஒலிபெருக்கிகள், சுமார் 75 டன் எடை. எல்லாம் கலைஞர்களுக்குப் பின்னால் சுவர்போல அடுக்கப்பட்டிருந்ததால், கூட்டம் கேட்பதையே மேடையும் கேட்டது; கலைஞர்கள் தங்கள் வாசிப்பைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. லெஷின் பேஸில் நான்கு கம்பிகளின் ஒலியையும் தனித்தனி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்ப முடிந்தது. ஒலிபெருக்கி முதுகுக்குப் பின்னால் இருந்தால் மைக் கத்துமே என்று நண்பர் உடனே கேட்டார். ஒவ்வொரு பாடகருக்கும் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு மைக்குகள் வைத்து, அவற்றை எதிரெதிர் முனையில் இணைத்து, ஒன்றில் மட்டும் பாடினார்கள். இரண்டு மைக்கிலும் சமமாக விழும் மேடை இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, குரல் மட்டும் மிஞ்சியது. இதை அவர் தங்கள் மைக் செட்காரரை அழைத்து மறுபடி விளக்கச் சொன்னார். செலவும் சுமையும் தாளாமல் அந்த அமைப்பு அந்த ஆண்டோடு கைவிடப்பட்டது. ஆனால் கேட்கிறவனுக்கு பேஸ் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்ட ஒரு குழுவை அலட்சியக்காரர்கள் என்று இனிமேல் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

நம் ஊர்த் தொடர்பையும் பின்னர் சொன்னேன். ‘ஃபயர் ஆன் தி மவுன்ட’னின் மெட்டு, டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்டும் ஜாகிர் உசேனும் சேர்ந்து இயங்கிய டிகா ரிதம் பேண்டின் 1976ஆம் ஆண்டு இசைத்தட்டில் கருவியிசையாகப் பிறந்தது. அதே ஹார்ட்டின் 1991ஆம் ஆண்டு ‘பிளானட் டிரம்’ இசைத்தட்டில் நம் கட வித்வான் விக்கு விநாயக்ராம் வாசித்தார். அது கிராமி விருதும் பெற்றது. நண்பர் மகிழ்ந்தார். ஆனால் அந்தச் செய்தியை முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் பெருமைப்பட்டிருப்பார், கேட்டிருக்க மாட்டார் என்பது என் கணிப்பு.

எல்லை எங்கே

அவர் முழுமையாக மாறிவிட்டார் என்று எழுதினால் அது உண்மையாகாது. கார்சியாவின் குரலை அவர் இன்றும் பொறுத்துக்கொள்கிறார், அவ்வளவே. பிற்காலக் கச்சேரிகளில் பாடல்களுக்கு நடுவே டிரம்ஸ் மட்டும் நீண்டு, பிறகு தாளமே இல்லாத ஒலிகளாகக் கரையும் பகுதியை அவர் தாண்டிவிடுவார். ‘டார்க் ஸ்டா’ரை மறுபடி போட்டுப் பார்த்தோம், இம்முறை வரிகள் வரும் வரை இருந்தார், கடைசி வரையிலும் இருந்தார், பிடிக்கவில்லை என்றார். 1965 முதல் கார்சியா இறந்த 1995 வரை ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் நடத்திய குழுவில், ஒன்றும் கூடிவராத இரவுகள் ஏராளம் என்பதை ரசிகர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. நானும் அதை ஏற்கிறேன். கூடிவராமல் போகலாம் என்ற அபாயத்தை விலையாகக் கொடுத்துத்தான் கார்னெல் போன்ற ஓர் இரவு கிடைக்கிறது.

அவரை ஈர்த்த இன்னொன்று, ரசிகர்கள் கச்சேரிகளைப் பதிவு செய்து, விற்காமல் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள அந்தக் குழு கொடுத்த அனுமதி. 1984இலிருந்து மிக்ஸருக்குப் பின்னால் அவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கப்பட்டது. அந்தப் பதிவுகளின் புண்ணியத்தில், ஒரே பாட்டின் பல இரவுகளை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட முடிகிறது. அவருடைய கணக்கு நோட்டில் இப்போது ‘ஸ்கார்லெட் பிகோனியா’ஸுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. தேதிவாரியாக, லெஷ் எந்த இடத்தில் வாசிக்காமல் விட்டார் என்பது மட்டும் சிவப்பு மையில் குறிக்கப்பட்டிருக்கிறது.

அடுத்ததாக ஆல்மன் பிரதர்ஸ் குழு 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்த ‘விப்பிங் போஸ்ட்’ பாடலைக் கேட்பதாக இருக்கிறோம். ஏறத்தாழ 23 நிமிடம் நீளும் அந்த வாசிப்பு பெர்ரி ஓக்லியின் பேஸில்தான் தொடங்குகிறது. அந்தத் தொடக்கம் பதினோரு எண்ணிக்கையில் அமைந்தது. மூன்று, மூன்று, மூன்று, இரண்டு என்று நான் சொன்னதும், அறையில் இருந்த ரிதம் பேட் கலைஞர் ‘தகிட தகிட தகிட தக’ என்று தொடையில் தட்டிப் பார்த்தார். அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் முதலில் ரெக்கார்டில் வந்த வடிவத்தைப் போட வேண்டும் என்பது நண்பரின் நிபந்தனை.